கப்பி இல்லாத கிணறு

1909-ஆம் வருஷம் நவம்பர் மாதம். லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ‘கில்டோனன் காசில்’ என்னும் நீராவிக் கப்பலில், நாற்பது வயதுள்ள வக்கீல் ஒருவர் ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தார். வலது கை அலுத்துப்போனால் பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொள்வார். எழுத்து மட்டும் நிற்காது. 13-ஆம் தேதி ஆரம்பித்த புத்தகம் 22-ஆம் தேதி முடிந்துவிட்டது. குஜராத்தியில் எழுதப்பட்ட அந்தச் சிறு புத்தகத்தின் பெயர் ‘ஹிந்த் ஸ்வராஜ்’. எழுதியவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ரயிலையும் ஆலையையும் அவ்வளவு கண்டிப்போடு விசாரணைக்கு நிறுத்திய புத்தகம் நம் நாட்டில் வேறொன்று இருப்பது அரிது.

அதே நவம்பர் மாதத்தில், இங்கிலாந்தில் ‘ஆக்ஸ்போர்டு அண்டு கேம்பிரிட்ஜ் ரெவ்யூ’ என்ற பத்திரிகையில் ஒரு கதை வெளியாயிற்று. அதன் பெயரைத் தமிழில் ‘யந்திரம் நிற்கிறது’ என்று சொல்லலாம். எழுதியவர் முப்பது வயது நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர். ‘எ பாஸேஜ் டு இந்தியா’ என்ற நாவலால் பிற்காலத்தில் நமக்கெல்லாம் அறிமுகமான அதே ஃபார்ஸ்டர்தான். அப்போது அவர் இந்தியாவை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. கப்பலில் எழுதியவருக்கு இவரைத் தெரியாது. இவருக்கு அவரைத் தெரியாது. ஒருவர் விவாதமாக எழுதினார். மற்றவர் கதையாக எழுதினார். இருவர் மனத்திலும் இருந்த கவலை ஒன்றே. மனிதன் யந்திரத்தைச் செய்தான், சரி. அந்த யந்திரம் இல்லாமல் இருக்க முடியாத மனிதனை யார் செய்தார்கள்?

நான் திண்டிவனத்துக்காரன். இவ்விரண்டையும் நெடுநாளைக்கு முன்பே படித்து, அலமாரியில் அடுக்கிவிட்டவன். ஆனால் 2024-ஆம் வருஷக் கடைசியில் எங்கள் விழுப்புரம் ஜில்லாவில் யந்திரம் மெய்யாகவே நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு இரண்டையும் மறுபடி எடுத்துப் படித்தபோது, முன்பு கண்ணில் படாத சில விஷயங்கள் கண்ணில் பட்டன. அவற்றைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

முதலில் ஃபார்ஸ்டரின் கதையைப் பார்ப்போம். எதிர்காலத்தில் ஒரு காலம். மனிதர்கள் பூமிக்கு மேலே வசிப்பதை விட்டுவிட்டார்கள். பூமிக்கு அடியில், தேன்கூட்டின் கண்ணறைகளைப்போல ஆறு பக்கமுள்ள சிற்றறைகளில் ஆளுக்கு ஒருவராக வாழ்கிறார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் சாப்பாடு, இன்னொன்றை அழுத்தினால் குளிக்க வெந்நீர், வேறொன்றுக்குச் சங்கீதம். கையில் ஒரு வட்டத் தட்டு. அதில் நீல ஒளி பரவியதும் உலகத்தின் மறுகோடியிலுள்ளவரின் முகம் தெரியும், பேசலாம். தொலைக்காட்சிகூட இல்லாத 1909-இல் எழுதிய கதை இது என்பதை மறந்துவிடாதீர்கள்.

இந்த அறைகளில் ஒன்றில் வாஷ்டி என்ற அம்மாள் இருக்கிறாள். ஆயிரக்கணக்கானவர்களை அவளுக்குத் தெரியும்; யாரையும் நேரில் போய்ப் பார்ப்பது வழக்கமில்லை. அவளுடைய மகன் கூனோ பூமியின் மறுபக்கத்தில் இருக்கிறான். ஒருநாள் அவன் வட்டத் தட்டில் தோன்றி, “நீ இங்கே நேரில் வர வேண்டும்” என்ற கருத்தில் கெஞ்சுகிறான். தாய்க்கு ஒன்றும் புரியவில்லை. இப்போதுதான் பார்த்துக்கொண்டிருக்கிறோமே, நேரில் வேறு எதற்கு? மகன் சொல்லும் பதிலின் சாரம் இதுதான்: தட்டில் உன்னைப் போன்ற ஏதோ ஒன்று தெரிகிறது, நீ தெரியவில்லை.

பிறகு அந்த மாபெரும் யந்திரத்தில் சிறு சிறு கோளாறுகள் தோன்றுகின்றன. சங்கீதத்தில் அபஸ்வரம் கலக்கிறது. குளிக்கும் தண்ணீர் நாறுகிறது. படுக்கை வர மறுக்கிறது. ஜனங்கள் முதலில் முறையிடுகிறார்கள். அப்புறம் பழகிக்கொள்கிறார்கள். நாற்றமும் அபஸ்வரமும் யந்திரத்தின் திருவிளையாடல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதன் உபயோக முறைப் புத்தகத்தையே வேதமாக வைத்துப் பூஜிக்கிறார்கள். ஒருநாள் எல்லாமே நின்றுவிடுகிறது. யந்திரத்தின் இரைச்சலிலேயே பிறந்து வளர்ந்த அவர்களுக்கு நிசப்தம் என்றால் என்னவென்றே தெரியாது. அந்த நிசப்தம் தாக்கியே ஆயிரக்கணக்கானோர் மடிகிறார்கள். தாயும் மகனும் கடைசியில் ஒருவரையொருவர் தொட்டபடி சாகிறார்கள்.

எச். ஜி. வெல்ஸ் வர்ணித்த யந்திரச் சொர்க்கம் ஒன்றுக்கு மறுமொழியாகத்தான் இதை எழுதினேன் என்று பின்னாளில் ஃபார்ஸ்டரே சொல்லியிருக்கிறார். பொன்னுலகத்தைக் கனவு காணும் கதைகளுக்கு, 1516-இல் தாமஸ் மோர் எழுதிய புத்தகத்தை வைத்து, ‘யுடோபியா’ என்று பெயர் வழங்குகிறது. அதற்கு நேர்மாறானவற்றை ‘டிஸ்டோபியா’ என்கிறார்கள். நாம் துர்க்கனவுக் கதைகள் என்று வைத்துக்கொள்வோம்.

துர்க்கனவுக்கும் நம் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். விழுப்புரம் இன்றைய உருவத்தை அடைந்ததே ஒரு யந்திரத்தினால்தான். 1870-களில் தென்னிந்திய ரயில்வேயின் பாதை இப்பக்கம் நீண்டது. 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. ஃபார்ஸ்டர் பிறந்ததும் அதே 1879-இல்தான் என்பது ஒரு வேடிக்கையான ஒற்றுமை. அப்புறம் சென்னை, திருச்சி, மாயவரம், திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து திசைப் பாதைகளும் கூடும் பெரிய ஜங்ஷனாக ஊர் வளர்ந்தது. 1960-களில் சென்னையிலிருந்து விழுப்புரம் வரை மீட்டர் பாதைக்கு மின்சாரம் வந்தது. இந்தியாவிலேயே மின்சாரத்தில் ஓடிய மீட்டர் பாதை இது ஒன்றுதான். தெற்கே போகும் வண்டிகளுக்கு இங்கே மின்சார என்ஜினைக் கழற்றிவிட்டு வேறு என்ஜினை மாட்டுவார்கள். அந்த இடைவெளியில் பிளாட்பாரத்தில் சாப்பாட்டுப் பொட்டலமும் காப்பியும் வாங்கிச் சாப்பிட்ட தலைமுறை இன்றைக்கும் இருக்கிறது.

ரயில் இங்கே வந்த காலத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார்கள் சொல்லிவந்தார்களே, அது 1876-இல் தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கியது; லட்சக்கணக்கான உயிர்கள் போயின. மதராஸ் துறைமுகத்தில் இறங்கிய தானியத்தை உள்நாட்டுக்குக் கொண்டுபோனது ரயில்தான். எங்கே விலை அதிகமோ அங்கே தானியத்தை இழுத்துக்கொண்டு போனதும் அதே ரயில்தான். ‘ஹிந்த் ஸ்வராஜ்’ ரயிலின்மேல் சுமத்திய குற்றங்களில் இது ஒன்று: விலை ஏறிய சந்தைக்குத் தானியம் ஓடிவிடுவதால் பஞ்சம் அடிக்கடி வருகிறது என்பது. கேட்ட மாத்திரத்தில் இது அதிகப்படியான பேச்சு என்று தோன்றலாம். ஆனால் களஞ்சியத்தில் கையிருப்பு வைத்துக்கொண்டிருந்த ஒரு கிராமம், இனிமேல் ரயில் கொண்டுவந்து கொடுக்கும் என்று நம்பிக் களஞ்சியத்தைக் காலி செய்துவிட்டால் என்ன ஆகும் என்பதே அந்தக் குற்றச்சாட்டின் உயிர்.

ரயில் நம் பொழுதையும் மாற்றியது. ஒரு நாளை அறுபது நாழிகையாகப் பகுத்துக்கொண்டு, நிழலை அளந்து பொழுது சொன்ன ஊர்கள் இவை. நாழிகை ஒன்றுக்கு 24 நிமிஷம். ரயில் அப்படிக் காத்திருக்குமா? 1906-இல் இந்தியா முழுமைக்கும் பொது நேரம் வரும்வரையில், மதராஸ் வானாராய்ச்சிக் கூடத்தின் நேரத்தைத்தான் நாட்டின் ரயில்கள் பெரும்பாலும் பின்பற்றின. ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்து ஊரும் தன் பொழுதைத் திருத்திக்கொண்டது. அதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் நிழலைப் பார்த்து மணி சொல்லும் வித்தை இரண்டு தலைமுறைக்குள் போன இடம் தெரியவில்லை.

கடிகாரம் என்றதும் சாமுவேல் பட்லரின் ‘எரவான்’ நினைவுக்கு வருகிறது. 1872-இல், அதாவது நம் பக்கம் ரயில் வருவதற்குச் சற்று முன்பு, வெளியான நாவல் அது. யாரும் அறியாத ஒரு தேசத்துக்குள் ஒருவன் போய்ச் சேருகிறான். அவனிடம் கைக்கடக்கமான கடிகாரம் ஒன்று இருக்கிறது. அதைக் கண்டதும் நீதிபதியின் முகம் கறுத்துவிடுகிறது. பல நூறு வருஷங்களுக்கு முன் அத்தேசத்தில் ஒரு பண்டிதர், யந்திரங்கள் நாளடைவில் மனிதனையே அடிமை கொண்டுவிடும் என்று நிரூபித்திருக்கிறார். உடனே உள்நாட்டு யுத்தம் மூண்டு, அதற்கு முந்திய 271 வருஷங்களில் கண்டுபிடிக்கப்பட்ட யந்திரங்களையெல்லாம் உடைத்துக் காட்சிச்சாலையில் போட்டுவிட்டார்கள். பட்லர் பாதி கேலியாகத்தான் எழுதினார். மீதிப் பாதியை அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

1932-இல் ஆல்டஸ் ஹக்ஸ்லி ‘பிரேவ் நியூ வோர்ல்ட்’ எழுதினார். அந்த உலகத்தில் ஆண்டுக் கணக்கு ஃபோர்டு மோட்டார் காரிலிருந்து தொடங்குகிறது. கார் முதலாளியின் பெயரைச் சொல்லித்தான் ஜனங்கள் சத்தியம் செய்கிறார்கள். யாரையும் அடித்து அடக்க வேண்டிய அவசியமே இல்லை. மனம் சற்றுச் சுணங்கினால் ‘சோமா’ என்ற மாத்திரை இருக்கிறது. 1953-இல் ரே பிராட்பரி ‘ஃபாரன்ஹீட் 451’ எழுதினார். அதில் ஒரு குடும்பப் பெண். காதுகளில் கிளிஞ்சல் அளவே உள்ள சிறு ரேடியோக்களைச் செருகிக்கொண்டு தூங்குகிறாள். அவள் வீட்டு ஹாலில் மூன்று சுவர்களும் படம் பேசும் திரைகள். நான்காவது சுவரும் வேண்டுமென்று புருஷனை நச்சரிக்கிறாள். திரையில் வருகிறவர்களைத்தான் தன் குடும்பம் என்று சொல்கிறாள். பக்கத்தில் நிற்கும் புருஷனை எங்கே முதலில் சந்தித்தோம் என்பது அவளுக்கு ஞாபகம் இல்லை. அந்த நாட்டில் புத்தகங்களை எரிப்பது சட்டம். ஆனால் சட்டம் பிறகுதான் வந்தது. ஜனங்கள் தாமாகவே படிப்பதை விட்டது அதற்கு முன்பு என்று ஆசிரியர் நுட்பமாகச் சொல்லிவிடுகிறார்.

நம் நாட்டிலும் இந்த வரிசை உண்டு. ரவீந்திரநாத் தாகூர் 1922-இல் ‘முக்த தாரா’ என்ற நாடகத்தை எழுதினார். விபூதி என்ற என்ஜினீயர் ஒரு மலையருவியை யந்திர அணையால் கட்டிவிடுகிறான்; கீழ்நாட்டாரின் தண்ணீர் அரசன் கைக்குப் போய்விடுகிறது. கோயில் கோபுரத்தோடு போட்டியிட்டு யந்திரம் வானத்தை மறைத்து நிற்கிறது. இளவரசன் அபிஜித் அணையின் பலவீனமான இடத்தில் அதை உடைத்து, பாய்ந்து வரும் வெள்ளத்தோடு போய்விடுகிறான்.

தமிழில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்த 1980-களில், வாரம் தவறாமல் அதற்காகக் காத்திருந்தவர்களில் நானும் ஒருவன். எதிர்கால இந்தியாவில் பெயருக்கு இரண்டு எழுத்துத்தான். பிள்ளை பெறவும் அனுமதி வேண்டும். நாடு முழுவதும் ஜீவா என்ற தலைவரை வணங்குகிறது. கடைசியில் பார்த்தால் ஜீவா வெறும் ஒளிப்பிம்பம்! ஆனால் நாங்களெல்லாம் மனத்தைப் பறிகொடுத்தது ஜீனோ என்ற யந்திர நாயிடம்தான். ஆசிரியரே எலெக்ட்ரானிக்ஸ் என்ஜினீயர் அல்லவா? யந்திரத்தை வெறுக்க அவருக்கு மனம் வரவில்லை, வரவேண்டியதும் இல்லை.

இந்தக் கதைகளையெல்லாம் ஒருசேர வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். இவற்றில் யந்திரம் வில்லனாக வந்து கதவை உடைப்பதில்லை. வீட்டுக்காரர்களே மாவிலை கட்டி, ஆரத்தி எடுத்து அதை உள்ளே அழைக்கிறார்கள். அது சௌகரியம் செய்கிறது. சௌகரியம் பழக்கமாகிறது. பழக்கம் வேரூன்றியதும் பழைய வழியைத் தூர்த்துவிடுகிறார்கள். போதைக்கு இலக்கணமும் இதுதானே? குடிக்கும்போது அவன் அடிமை என்று தெரியாது. கடை அடைத்த நாளில்தான் தெரியும்.

எங்கள் ஜில்லாவில் கடை அடைத்த நாளுக்கு வருகிறேன். 2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி இரவு ‘ஃபெஞ்சல்’ புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. கரையேறிய புயல் தன் வழியே போய்விடுவதுதான் வழக்கம். இதுவோ வந்த இடத்திலேயே மணிக்கணக்காக உட்கார்ந்துகொண்டு கொட்டித் தீர்த்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. டிசம்பர் 2-ஆம் தேதி விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவிலுள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டவே, வண்டிகள் நிறுத்தப்பட்டன. சில காட்பாடி வழியாகத் திருப்பிவிடப்பட்டன. அன்று அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணை கரை புரண்டது. விழுப்புரத்துக்குத் தெற்கே அரசூரில், சென்னைக்கும் திருச்சிக்கும் இடையிலான நெடுஞ்சாலை மீதே வெள்ளம் ஓடியது. ரயிலும் இல்லை, ரஸ்தாவும் இல்லை. பல ஊர்களில் மின்சாரம் நாட்கணக்கில் இல்லை. வீட்டையும் விளைச்சலையும் உயிரையும் இழந்தவர்களின் துயரத்துக்கு முன்னால், நான் சொல்லப்போகிறவை அற்பமான அசௌகரியங்கள். ஆனால் நோயின் பெயரைச் சொல்வது சில சமயம் சிறிய அறிகுறிதான்.

எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். குடிக்க ஒரு செம்பு தண்ணீர் இல்லை. மோட்டார் ஓடினால்தான் தொட்டி நிறையும். தொட்டி நிறைந்தால்தான் குழாயில் வரும். எங்கள் வீட்டுக் கொல்லையில் கிணறு இருக்கிறது. அதன்மேல் இரும்புக் கிராதி போட்டு மூடி, மோட்டார் குழாயை மட்டும் உள்ளே விட்டிருக்கிறோம். கப்பி எப்போது போயிற்று, கயிறு எப்போது போயிற்று என்று வீட்டில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. தெருமுனை அடிபம்பு பிடுங்கப்பட்டு வெகுநாளாகிறது. சுற்றிலும் வெள்ளம், காலடியில் கிணறு, நாக்கில் வறட்சி! எந்தத் துர்க்கனவுக் கதாசிரியரும் இவ்வளவு துணிந்து கற்பனை செய்யமாட்டார்.

தெருவுக்கே தண்ணீர் கொடுத்தது ஒரு பாட்டியின் கிணறு. மகன்கள் எவ்வளவோ சொல்லியும் கப்பியைக் கழற்றவிடாமல் பிடிவாதமாக வைத்திருந்தவள் அவள். அன்று காலை முதல் அந்தக் கிணற்றடியில் குடங்கள் வரிசை பிடித்தன. நீரிறைக்கத் தெரியாமல் வாளியைக் கிணற்றின் சுவரிலெல்லாம் மோதவிட்ட இளைஞர்களுக்கு, கயிற்றைச் சுண்டி வாளியைக் கவிழ்க்கும் வித்தையைப் பாட்டிதான் கற்றுக்கொடுத்தாள்.

பணமும் நின்றது. பணம் எல்லோரிடமும் இருந்தது, ஆனால் அது செல்போனுக்குள் இருந்தது. செல்போனில் சார்ஜ் இல்லை. தேநீர்க் கடைக்காரர் ஒரு பழைய நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கணக்கு எழுத ஆரம்பித்தார். “பேரு மட்டும் சொல்லுங்கண்ணே, அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். யார் முகமும் அவருக்குத் தெரியாததல்ல. யார் பெயரும் அவருக்குத் தெரியவில்லை. பத்து வருஷமாக அங்கே தேநீர் குடிக்கும் எனக்கும் அவருடைய பெயர் அன்றுதான் தெரிந்தது. இன்னொருவர் எங்கோ ஒரு கார் பாட்டரியில் உயிர்பெற்ற செல்போனை இரவல் வாங்கிக்கொண்டு, மகனுக்குப் பேச வேண்டுமென்று நின்றார். நம்பர்? மகனின் நம்பர் அவர் செல்போனுக்குத்தான் தெரியும், அவருக்குத் தெரியாது.

இப்படிச் சொல்வதால் யந்திரங்களைப் பட்லரின் தேசத்தாரைப்போல உடைத்துப் போடச் சொல்கிறேன் என்று எண்ணிவிடக்கூடாது. 1964-ஆம் வருஷம் டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியபோது, பாம்பனிலிருந்து வந்த ரயில் பிரயாணிகளோடு கடலுக்குள் போயிற்று. இன்று அப்படியல்ல. வானத்தில் சுற்றும் கருவிகள் நாலைந்து நாள் முன்பாகவே புயலைக் கண்டு சொல்லிவிடுகின்றன. முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவமனையில், சுவாசக் கருவியின் தயவில் மூச்சு விட்டுக்கொண்டிருப்பவரின் பிள்ளையிடம் போய், யந்திரம் தீது என்று உபதேசம் செய்ய எனக்குத் தைரியமில்லை. கவலை இறைத்துக் கை காய்த்துப்போன உழவரிடம், மின்சாரப் பம்பு வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு உரிமையில்லை.

காந்தியடிகளும் அப்படிச் சொல்லவில்லை. யந்திரத்தைத் திட்டும் புத்தகத்தை யந்திரத்தில்தானே அச்சடிக்கிறீர்கள் என்ற கேள்வியை அவரே அப்புத்தகத்தில் எழுப்பி, விஷத்துக்கு விஷமே மருந்தாவதுண்டு என்ற பொருளில் பதிலும் சொன்னார். 1924-இல் ராமச்சந்திரன் என்ற இளைஞர், யந்திரம் என்றாலே உங்களுக்கு ஆகாதா என்று அவரைக் கேட்டார். இந்த உடம்பே ஒரு நுண்ணிய யந்திரம், ராட்டையும் யந்திரம், அதை எப்படி வெறுப்பேன், நான் எதிர்ப்பது யந்திரத்தின் மேலுள்ள பித்தைத்தான் என்பது அவருடைய விடையின் கருத்து. விலக்காக ஸிங்கர் தையல் மெஷினைச் சொன்னார். மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைக் காணச் சகியாமல், அன்பினால் ஒருவன் கண்டுபிடித்தது அது என்பது அவர் காட்டிய காரணம். ‘பித்து’ என்ற அந்த ஒரு சொல்லில், நான் இத்தனை பக்கம் சொல்ல முயன்றது அடங்கிவிடுகிறது. பம்பு வைப்பது பித்தல்ல. பம்பு வந்ததென்று கப்பியைக் கழற்றி எறிவதுதான் பித்து.

ஆனால் கிணற்றையும் காசையும்விடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. ஃபார்ஸ்டரின் கதையை மறுபடி படித்தபோதுதான் அது உறைத்தது. அந்தக் கதையின் உச்சகட்டம் யந்திரம் நிற்பதல்ல. யந்திரம் மிகச் செவ்வையாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, தாய் தன் மகனைப் போய்ப் பார்க்க மனமில்லாமல் இருக்கிறாளே, கேடு அங்கேயே முடிந்துவிட்டது. நின்றது வெறும் ஈமக்கிரியை.

எங்கள் தெருவில் ஓர் அம்மாள் இருக்கிறார், ஐம்பது வயதிருக்கும். அவருடைய தகப்பனார் விழுப்புரத்தில் தனியாக இருக்கிறார். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. நல்ல நாளில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துப் பிரயாணம். தினம் ராத்திரி எட்டு மணிக்குச் செல்போனில் அப்பாவும் பெண்ணும் முகம் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். “சாப்பிட்டியாப்பா?” “ஆச்சும்மா.” ஒருநாள்கூடத் தவறியதில்லை. அதனாலேயே நேரில் போகும் நாள் தள்ளிக்கொண்டே வந்தது. ஐந்து மாதமாகப் போகவில்லை. தினமும்தான் பார்க்கிறோமே!

புயலடித்து இரண்டு நாள் அந்த எட்டு மணிப் பேச்சு நின்றுபோயிற்று. மூன்றாம் நாள் அந்த அம்மாள் ஒரு தூக்குச் சட்டியில் சாதத்தைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். விக்கிரவாண்டி வரை பஸ், அதற்கு மேல் கொஞ்ச தூரம் ஒரு டிராக்டர், மீதி நடை. போய்ப் பார்த்தால் பெரியவர் திண்ணையில் சௌக்கியமாகத்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் எழுந்து வரவில்லை. பிற்பாடு அந்த அம்மாள் என்னிடம் சொன்னார்: “கால் வீங்கி நாலு மாசமாச்சாம் சார். வாசப்படி எறங்க முடியலயாம். நான் பயந்துடுவேன்னு சொல்லவே இல்ல. போன்ல மூஞ்சி மட்டுந்தானே தெரியுது!”

நூறு வருஷத்துக்கு முன்பு ஓர் ஆங்கில எழுத்தாளர் கூனோவின் வாயால் சொன்னதையும், திண்டிவனத்து அம்மாள் ஒருவர் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த அம்மாள் அந்தக் கதையைப் படித்தவரல்ல; படிக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. முகம் என்பது மனிதனில் ஒரு சாண். மீதி ஏழு சாணும் வீட்டுக்குப் போனால்தான் தெரியும். நடையின் தளர்ச்சி, அடுப்படியில் அடுப்பெரிந்து எத்தனை நாளாயிற்று என்பது, மருந்துச் சீட்டு எந்த அலமாரியில் ஒளிந்திருக்கிறது என்பது, இவையெல்லாம் கண்ணாடித் திரையில் வருவதில்லை. வயதானவர்கள் மறைக்க விரும்புவதையெல்லாம் மறைக்க அந்தத் திரை மிகவும் உதவி செய்கிறது.

மின்சாரம் வந்ததும் ஊர் பழையபடி ஆகிவிட்டது. ரயில் விழுப்புரத்தில் கூவிக்கொண்டு புறப்பட்டது. எங்கள் தெருவில் பலர் பாட்டரியும் இன்வர்ட்டரும் வாங்கினார்கள். அதாவது ஒரு யந்திரத்துக்குக் காவலாக இன்னொரு யந்திரம். இரண்டு வீட்டில் மட்டும் கிணற்றின் இரும்புக் கிராதியில் ஒரு பாகத்தை அறுத்தெடுத்துக் கப்பி மாட்டியிருக்கிறார்கள். தண்ணீருக்கு மோட்டார்தான், கப்பி சும்மா தொங்குகிறது. தொங்கட்டும். வாரத்தில் ஒருநாள் பிள்ளைகள் விளையாட்டாக நாலு வாளி இறைத்துச் செடிகளுக்கு ஊற்றுகிறார்கள். கயிறு இற்றுப்போகாமல் இருக்க அது போதும்.

தகப்பனாரை அந்த அம்மாள் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார், வீக்கம் வடிந்துவருகிறது. எட்டு மணிப் பேச்சு இப்போதும் உண்டு. அதோடு, மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்துக்குப் பஸ் ஏறிவிடுகிறார்.